விண்டோஸ் 11 ஏறவில்லை, பழைய 10-உம் திறக்கவில்லை: ஃபார்மட் போடத்தான் வேண்டுமா?

நீங்கள் முதல் வரியில் கேட்டிருப்பது விண்டோஸ் 11-ஐ எப்படி ஏற்றுவது என்று. ஆனால் உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: "பதினோரு வருஷ கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் அதுலதான் இருக்கு, போயிடுமா?" அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் உங்கள் கோப்புகள் அப்படியே இருப்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். ஃபார்மட் போடச் சம்மதிக்காதீர்கள். இதைப் படித்து முடிக்கும் வரை அந்த லேப்டாப்பை இன்னொருவர் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

படிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் டிடிபி கடை. 2021-இல் வாங்கிய லேப்டாப், இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸர், உள்ளே ஒரே ஒரு 512 ஜிபி எஸ்எஸ்டி. தமிழ் டைப்பிங் மென்பொருளுக்கு யுஎஸ்பியில் செருகுகிற பழைய டாங்கிள் ஒன்று எப்போதும் செருகியபடியே இருக்கும். போன வாரம் 10-இலிருந்து 11-க்கு அப்கிரேடு கொடுத்தீர்கள். பாதி போய், ரீஸ்டார்ட் ஆகி, பழைய 10-க்கே திரும்பி வந்து 0எக்ஸ்சி1900101 - 0எக்ஸ்30018 என்று ஓர் எண்ணைக் காட்டியது. பிறகு தெரிந்த பையன் ஒருவர் பென்டிரைவில் 11-ஐ எடுத்துவந்து புதிதாகவே போட்டுவிடலாம் என்றார். அந்த இன்ஸ்டாலரில் டிஸ்க்கே காட்டவில்லை. ஒரு வீடியோவைப் பார்த்து பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடுகிற அடிப்படை அமைப்பில்) எதையோ மாற்றினார். விஎம்டி என்று இருந்த மாதிரி உங்களுக்கு ஞாபகம். பென்டிரைவைக் கழற்றிவிட்டு ஆன் செய்தால் நீலத்திரை, 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்'. அதோடு பயந்து நிறுத்திவிட்டீர்கள். கடையில் கேட்டால் "எஸ்எஸ்டி போயிருக்கும், இல்லேன்னா ஃபார்மட் அடிக்கணும்" என்கிறார்கள்.

பயந்து நிறுத்தினீர்களே, அதுதான் இதுவரை நடந்ததிலேயே நல்ல காரியம்.

நான் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பதினெட்டு வருடமாக சர்வீஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து இதே வேலை. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை டிடிபி கடைகளின் கம்ப்யூட்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் லேப்டாப்பை நான் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் எது நிச்சயம், எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்களுக்கு நடந்தது ஒரு கோளாறு இல்லை, மூன்று. அப்கிரேடு தோற்றது ஒன்று. பென்டிரைவ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாமல் போனது இரண்டு. பயாஸை மாற்றியதால் பழைய விண்டோஸும் திறக்காமல் போனது மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. கடைக்காரர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஃபார்மட் என்று சொல்லிவிட்டார். நாம் கடைசியில் போட்ட முடிச்சை முதலில் அவிழ்ப்போம்.

எஸ்எஸ்டி செத்துவிட்டது என்பதை நான் நம்பவில்லை. காரணம் அந்த நீலத்திரையேதான். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் டிஸ்க்கைப் படித்து, அதிலிருக்கிற விண்டோஸின் ஆரம்பப் பகுதியை மெமரிக்குக் கொண்டுவருகிறது. டிஸ்க் செத்திருந்தால் இந்தப் படியே தாண்டியிருக்காது. 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று கருப்புத்திரையில் ஒரு வரி வந்து நின்றிருக்கும். உங்களுக்கு வந்தது விண்டோஸ் தானே காட்டுகிற நீலத்திரை. பென்டிரைவும் செருகியில்லை. அப்படியென்றால் அந்த விண்டோஸ் உங்கள் எஸ்எஸ்டியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பயாஸின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் தன் சொந்தச் சாவியால் கதவைத் திறக்கப் பார்த்தால், பூட்டை யாரோ மாற்றிவைத்திருக்கிறார்கள். அந்தச் சாவிதான் ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது டிஸ்க்கோடு பேச விண்டோஸ் வைத்திருக்கிற சின்ன மென்பொருள். பூட்டு, பயாஸில் இருக்கிற விஎம்டி.

இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றில் எஸ்எஸ்டி நேராக விண்டோஸுக்குத் தெரியாது. நடுவில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் உட்கார்ந்திருக்கும். கம்பெனியில் விண்டோஸ் போடும்போதே அதற்குரிய டிரைவரைச் சேர்த்துவிடுவார்கள், அதனால் நமக்கு அது இருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய பென்டிரைவ் இன்ஸ்டாலரில் அந்த டிரைவர் இருப்பதில்லை. ஆகவே அதற்கு டிஸ்க் காட்டவில்லை. உங்கள் இரண்டாவது கோளாறு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இதற்கு முறையான வழி, லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டு, டிஸ்க் தேர்வு செய்யும் இடத்தில் 'லோட் டிரைவர்' கொடுப்பது. விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும். வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அப்படி அணைத்தால் விஎம்டியை நம்பிப் போடப்பட்ட பழைய விண்டோஸ் திறக்காது. அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இதில் உங்களுக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. டிஸ்க் கண்ணுக்கே தெரியாத இன்ஸ்டாலர் அந்த டிஸ்க்கில் எதையும் அழித்திருக்க முடியாது. விஎம்டியை அணைத்த பிறகு அந்தப் பையன் மறுபடி இன்ஸ்டாலரை ஓட்டி, டிஸ்க் தெரிந்து, பார்ட்டிஷனை டெலீட் செய்தாரா என்பதை மட்டும் அவரிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். பார்ட்டிஷன் போயிருந்தால் இந்த நீலத்திரை வந்திருக்காது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லேப்டாப்பை முழுதும் அணைத்து, சார்ஜர் போட்டு, டாங்கிள், பென்டிரைவ், பிரிண்டர் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆன் செய்து எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில கம்பெனிகளில் எஃப்10 அல்லது டெலீட். பயாஸ் திறந்ததும் எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுங்கள். இது மிக முக்கியம். பிறகு விஎம்டி எங்கே என்று தேடுங்கள். டெல்லில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் ரேய்டு ஆன், ஏஹெச்சிஐ என்ற பெயர்களில் இருக்கும். ஏசரில் 'மெயின்' பக்கத்துக்குப் போய் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே தோன்றும். பையன் வீடியோ பார்க்க வேண்டி வந்ததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். அசூஸில் 'அட்வான்ஸ்டு' உள்ளே. அதை 'எனேபிள்டு' (டெல்லில் 'ரேய்டு ஆன்') ஆக்கி, சேவ் செய்து வெளியே வாருங்கள்.

மாற்றும்போது டேட்டா அழிந்துவிடலாம் என்று சில பயாஸ்கள் மிரட்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிற கம்ப்யூட்டர்களுக்கான எச்சரிக்கை அது. ஒரே எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் விஎம்டியை ஆன், ஆஃப் செய்வது டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட எழுதாது. ஆனால் இரண்டு இடத்தில் கை வைக்காதீர்கள். 'கிரியேட் ரேய்டு வால்யூம்' போன்ற எதையும் அழுத்தாதீர்கள். 'கிளியர் டிபிஎம்' என்று இருப்பதைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

விஎம்டியைத் திரும்பப் போட்டதும் நேராக விண்டோஸ் 10 திறந்துவிட்டால் நல்லது. நான் பார்த்த இதே மாதிரிக் கேஸ்களில் பெரும்பாலானவை அப்படித்தான் திறந்தன. ஆனால் இன்னொரு நீலத்திரை வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்கவும் கூடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். விண்டோஸோடு சேர்ந்து வந்த லேப்டாப்களில், முதல்முறை மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் திறந்தபோதே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகியிருக்கலாம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். ஹோம் பதிப்பிலும் இது உண்டு. 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். அதன் சாவி டிபிஎம் சிப்புக்குள் இருக்கும். பயாஸில் யாராவது கை வைத்ததை உணர்ந்தால் அந்தச் சிப் சாவியைத் தர மறுத்துவிடும். உங்களிடமே கேட்கும்.

அந்த 48 இலக்கங்கள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். மொபைலில் அந்தக் கணக்கில் நுழைந்து, 'டிவைசஸ்' பக்கத்தில் பிட்லாக்கர் (விண்டோஸின் இந்த டிஸ்க் பூட்டுக்குப் பெயர்) ரெகவரி கீ என்று தேடுங்கள். நீலத்திரையில் கீ ஐடி என்று ஒன்று இருக்கும். அதன் முதல் எட்டு எழுத்துகள் கணக்கில் இருப்பதோடு பொருந்துகிறதா பார்த்துவிட்டு எண்களை அடியுங்கள். என் அனுபவத்தில் ஜனங்கள் மாட்டிக்கொள்வது எந்தக் கணக்கு என்ற இடத்தில்தான். லேப்டாப் வாங்கிய அன்று அதை ஆன் செய்து கொடுத்தது யார்? மகனா, மச்சானா, விற்ற கடைப் பையனா? யாருடைய இமெயிலைப் போட்டார்கள்? அத்தனை பேரிடமும் கேளுங்கள். ஒரு தடவை ஒருவருடைய சாவி, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட அவருடைய தங்கையின் பழைய கல்லூரி இமெயிலில் இருந்தது. இரண்டு நாள் தேடினார்கள். கிடைத்தது. தேடாமல் ஃபார்மட் போட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்து, சாவி எங்குமே இல்லை என்றால், அதை யாராலும் திறக்க முடியாது. என்னாலும் முடியாது, பெரிய ரெகவரி லேபாலும் முடியாது. "நாங்க எடுத்துக் கொடுக்கிறோம், முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் கட்டாதீர்கள்.

விண்டோஸ் 10 திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே 11-ஐ மறுபடி முயற்சி பண்ணத் தோன்றும். அன்றைக்கு வேண்டாம். அன்றைக்கு ஒரே வேலை, காப்பி. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பென்டிரைவில் பதினோரு வருட உழைப்பை வைக்க வேண்டாம். விலை மலிந்த பென்டிரைவ்களில் 256 ஜிபி என்று மேலே எழுதியிருக்கும், உள்ளே 16-தான் இருக்கும். காப்பி ஆவது போலவே காட்டும், திறக்கும்போதுதான் கோப்பு உடைந்திருப்பது தெரியும்.

எதை காப்பி செய்வது என்பதில் டிடிபி கடைக்காரர்கள் செய்கிற ஒரு தவறு உண்டு. அந்தத் தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ஒரு தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர், தன் கட்டுரைகளை எல்லாம் டைப் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் எல்லாம் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டுத்தான் ஃபார்மட் போட்டேன். திருப்பி ஏற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். கோப்பைத் திறந்து காட்டினார். முழுப் பக்கமும் ஆங்கில எழுத்துகளும் ஆச்சரியக்குறியும் அடைப்புக்குறியுமாக இருந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. கோப்புகளைக் காப்பாற்றிய நான் ஃபான்டை எடுத்துவைக்க மறந்திருந்தேன்.

யூனிகோடுக்கு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தருகிற பொது முறைக்கு) முந்தைய தமிழ் ஃபான்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருப்பார்கள். கோப்புக்குள் சேமிக்கப்படுவது அந்த ஆங்கில எழுத்தின் எண்தான். ஃபான்ட் இருந்தால் அது 'க'வாகத் தெரியும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு கிறுக்கலாகத் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கிவைத்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று பொது அடுக்குமுறை வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் பத்திரிகை அடிக்கிற கடைகளில் இன்றும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும் அந்தப் பழைய ஃபான்ட்களும்தான் ஓடுகின்றன. எழுத்தின் அழகு அதில்தான் இருக்கிறது என்று வாடிக்கையாளரே கேட்டு வாங்குகிறார். அந்த ஆசிரியருக்காக நான் நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவதில் அதே ஃபான்டின் அதே பதிப்பைக் கண்டுபிடித்தேன். எழுத்து திரும்பி வந்தது. அவர் ஒன்றும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் ஃபான்ட் ஃபோல்டரை எடுக்காமல் ஃபார்மட் போட்டதில்லை.

ஆகவே, சி டிரைவுக்குள் விண்டோஸ் ஃபோல்டர், அதனுள் ஃபான்ட்ஸ் ஃபோல்டர், அதை முழுதாக காப்பி செய்யுங்கள். அது மட்டும் போதாது. 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல், 'இன்ஸ்டால்' என்று சாதாரணமாக அழுத்திப் போட்ட ஃபான்ட்கள் அங்கே போவதில்லை. உங்கள் பெயரிலுள்ள யூசர் ஃபோல்டருக்குள், மறைந்திருக்கிற ஆப்டேட்டா, அதில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போனால் இருக்கும். இரண்டையும் எடுங்கள். அப்புறம், பேஜ்மேக்கர் கோப்புகள் பெரிய படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்ளாமல் வேறு ஃபோல்டரோடு இணைத்து மட்டும் வைத்திருக்கும். பிள்ளையார், மாங்கல்யம், பார்டர், மூலை டிசைன் எல்லாம் ஒரு பொது ஃபோல்டரில் போட்டு வைத்திருப்பீர்களே, அதையும் எடுங்கள். அடிக்கடி தேவைப்படும் டிசைன்களை பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி போட்டுவிட்டால், நாளை எந்த ஃபான்ட் தொலைந்தாலும் குறைந்தது கண்ணால் பார்க்கவும் அச்சடிக்கவும் முடியும்.

காப்பி முடிந்ததும், அந்த டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி பத்துக் கோப்பையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

விஎம்டியைத் திருப்பிப் போட்டும் விண்டோஸ் திறக்கவில்லை என்றால்? அப்போதும் ஃபார்மட் கிடையாது. விண்டோஸ் லோகோ சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' வந்து நீல மெனு ஒன்று கிடைக்கும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' முயன்று பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால், அதே மெனுவில் 'கமாண்ட் பிராம்ப்ட்' திறந்து 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் டிரைவ்கள் எல்லாம் அங்கேயே தெரியும். இங்கே சி டிரைவ், டி டிரைவாகக்கூட மாறியிருக்கலாம். உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், காப்பி. எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குள் போய் ரைட் கிளிக், பேஸ்ட். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எந்தக் கோடும் காட்டாது. தொங்கிவிட்டது போலவே இருக்கும், ஆனால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் விளக்கு மினுமினுத்துக்கொண்டிருக்கும். பொறுமையாக விடுங்கள். சின்னச் சின்ன ஃபோல்டராக எடுப்பது நல்லது.

'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்று இருப்பதைப் பார்த்து அழுத்திவிடாதீர்கள். கோப்புகள் இருக்கும்தான், ஆனால் நீங்கள் நிறுவிய மென்பொருள் எல்லாம் போய்விடும். உங்களைப் போன்ற கடைக்கு அது பாதிக் கடையைக் காலி பண்ணுவது மாதிரி. முழு ஃபார்மட் அதைவிட மோசம். பழைய ஹார்டு டிஸ்க் காலத்தில் ஃபார்மட் போட்ட பிறகும் ரெகவரி மென்பொருளை வைத்து ஓரளவு மீட்டிருக்கிறோம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை 'டிரிம்' என்ற ஏற்பாடு சீக்கிரமே துடைத்துவிடும். அதற்குப் பிறகு மீட்பு என்ற பேச்சே இல்லை.

இனி முதல் கோளாறு, அந்த எண். 0எக்ஸ்சி1900101 என்பது, அப்கிரேடின்போது ஏதோ ஒரு டிரைவர் சிக்கல் கொடுத்ததால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்று விண்டோஸ் சொல்கிற பொதுவான எண். பின்னால் வருகிற 30018-இன் முதல் இலக்கமான 3, புதிய விண்டோஸ் முதல்முறை பூட் ஆன கட்டத்தில் நடந்தது என்று சொல்கிறது. மொத்தமாக, அந்தக் கட்டத்தில் ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்று பொருள். இதுவரை நிச்சயம். எந்த டிரைவர் என்பதை இந்த எண் சொல்லாது. என் சந்தேகம் உங்கள் டாங்கிள் மேல். பல வருடம் பழைய டாங்கிள் டிரைவர்கள் இப்படி நிற்பதை டிடிபி கடைகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆன்டிவைரஸாகவும் இருக்கலாம், பழைய பிரிண்டர் டிரைவராகவும் இருக்கலாம். ஊகிப்பதைவிட, மைக்ரோசாஃப்டின் 'செட்டப்டயாக்' என்ற சின்ன இலவசக் கருவியை இறக்கி ஓட்டுங்கள். தோற்றுப்போன அப்கிரேடு விட்டுச்சென்ற பதிவுகளைப் படித்து, காரணம் கிடைத்தால் சொல்லிவிடும். எல்லா நேரமும் கிடைக்காது.

அடுத்த முறை அப்கிரேடு கொடுக்கும் முன், டாங்கிள் மென்பொருள் விற்றவரிடம் போன் போட்டு விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். இருக்கிறது என்றால், பழைய டாங்கிள் டிரைவரையும் வெளி ஆன்டிவைரஸையும் அன்இன்ஸ்டால் செய்து, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றி, சி டிரைவில் நாற்பது ஐம்பது ஜிபி காலி செய்து, விஎம்டியில் கை வைக்காமல், விண்டோஸ் 10-க்குள் இருந்தபடியே அப்கிரேடு கொடுங்கள். பேட்டரி முழுதும் ஏறியிருக்கட்டும், சார்ஜரும் இருக்கட்டும். இந்த வெயிலில் ராத்திரி கரன்ட் போனால் ஏசி மட்டும்தான் நிற்க வேண்டும், அப்கிரேடு நிற்கக்கூடாது. ஏறிய பிறகு பேஜ்மேக்கர், டாங்கிள், பிரிண்டர் மூன்றையும் அன்றே சோதித்துவிடுங்கள். சரிப்படவில்லை என்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் 'கோ பேக்' கொடுத்து 10-க்குத் திரும்பிவிடலாம். அதற்குள் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் பதிவுகளை அழித்துவிட்டால் திரும்ப வழி இல்லை.

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். 11-இல் அது ஓடுமா என்று கேட்டால், நான் போட்டுக் கொடுத்த கடைகளில் ஓடுகிறது. ஆனால் அந்த மென்பொருளை அடோபி எப்போதோ கைவிட்டுவிட்டது, ஆகவே உங்கள் பிரிண்டரோடும் ஓடும் என்று நான் உறுதி தர முடியாது.

டாங்கிளுக்குப் புது டிரைவர் இல்லை என்று பதில் வந்தால், என் கருத்து, அந்த லேப்டாப்பை 11-க்குக் கொண்டுபோக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது உண்மைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்திருக்கிறார்கள்; செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம்கூடக் கட்ட வேண்டாம். அதற்குப் பிறகு அந்த லேப்டாப்பை இன்டர்நெட் இல்லாமல் டிசைனுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெயிலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் பேங்க் வேலைக்கும் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். நிறையக் கடைகள் அப்படித்தான் நடத்துகிறார்கள்.

இதையெல்லாம் நீங்களே செய்யத் தயக்கமாக இருந்தால் கடைக்கே கொண்டுபோங்கள், தப்பில்லை. ஆனால் கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: "டேட்டா உள்ளது, ஃபார்மட் செய்யக்கூடாது, பயாஸில் விஎம்டி மாற்றப்பட்டுள்ளது." மூன்றாவது வாக்கியத்தைப் படித்ததுமே விஷயம் தெரிந்த டெக்னீஷியன் காரணத்தைப் பிடித்துவிடுவார். விஎம்டியைத் திருப்பிப் போட்ட பிறகு திரையில் வேறு எது வந்தாலும், ஒரு எழுத்து விடாமல் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். ரெகவரி கீயை மட்டும் போடாதீர்கள். கீ ஐடி தெரிந்தால் பரவாயில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.